5 பவுண்டு அபராதம், 5 அம்சப் பிரகடனம்: குழந்தைகளுக்காகச் சொந்த அரசையே எதிர்த்த எக்லன்டைன் ஜெப் யார்?

1919 ஏப்ரல் மாதம். லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் 42 வயதுப் பெண் ஒருவர் போவோர் வருவோரிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு குழந்தையின் படம். உணவில்லாமல் எலும்பும் தோலுமாகிப்போன ஆஸ்திரியக் குழந்தை அது. குழந்தை இப்படி ஆனதற்கு பிரிட்டன் அரசின் முற்றுகைதான் காரணம் என்று பிரசுரம் நேரடியாகவே குற்றம் சாட்டியது.

அந்தப் பெண்ணை போலீஸ் கைது செய்தது.

அவர் பெயர் எக்லன்டைன் ஜெப். கைதாகி ஐந்தே ஆண்டுகளில், அவர் எழுதிய ஐந்து அம்சங்களை உலக நாடுகள் கூடி ஏற்றுக்கொண்டன. குழந்தைகளின் உரிமை பற்றி சர்வதேச அமைப்பு ஒன்று ஏற்ற முதல் பிரகடனம் அதுதான். இன்று இந்தியாவில் ஆதரவற்ற குழந்தை ஒன்று குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்தப்படுகிறது என்றால், அந்தச் சட்டத்தின் வேரைத் தேடிப் போனால் இவர் வரைக்கும் வந்து நிற்கும்.

இத்தனைக்கும் அவருக்குச் சொந்தக் குழந்தைகள் கிடையாது. குழந்தைகளோடு பழகுவதே தனக்கு அவ்வளவாக ஒத்துவராது என்று அவரே நினைத்தவர். பிறகு எப்படி இது நடந்தது?

வகுப்பறை ஒத்துவராத டீச்சர்

ஜெப் பிறந்தது 1876 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் எல்ஸ்மியர் என்ற ஊர். நிலபுலன் உள்ள, படித்த, வசதியான குடும்பம். அப்பா சட்டம் படித்தவர். அம்மா, கிராமத்து எளிய மக்களுக்குக் கைவினைத் தொழில் கற்றுத்தரும் அமைப்பைத் தொடங்கியவர். பெண்கள் பல்கலைக்கழகம் போவது அபூர்வமாக இருந்த காலத்திலேயே, ஜெப் ஆக்ஸ்ஃபோர்டின் லேடி மார்கரெட் ஹாலில் வரலாறு படித்தார்.

படிப்பு முடிந்ததும் அவர் எடுத்த முடிவு குடும்பத்தாரை ஆச்சரியப்படுத்தியது. ஏழைக் குழந்தைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் டீச்சராகப் போகிறேன் என்றார். பயிற்சி முடித்து, மார்ல்பரோ என்ற சிறு நகரத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆனால், வேலை அவருக்குப் பிடிபடவில்லை. வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை. உடம்பும் மனசும் சோர்ந்தன. தனக்கு இந்தத் திறமை இல்லை என்று அவருக்கே தோன்றியது. கொஞ்ச காலத்திலேயே வேலையை விட்டுவிட்டார்.

அந்த அனுபவம் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. பசியோடும் கிழிந்த உடையோடும் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு டீச்சர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் தீர்க்க முடியாத பிரச்னை அது என்பதும் அவருக்குப் புரிந்தது.

தர்மம் செய்வதில் என்ன சிக்கல்?

பிறகு அம்மாவோடு கேம்பிரிட்ஜில் குடியேறினார். அங்கே தர்ம காரியங்களை ஒழுங்குபடுத்தும் சங்கம் ஒன்றில் சேர்ந்து வேலை செய்தார். ஊரில் யார் ஏழை, ஏன் ஏழை, வாடகை எவ்வளவு, எங்கே கூட்ட நெரிசல், எந்த உதவி யாருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். 1906-ல் அது ஒரு புத்தகமாக வெளிவந்தது.

நினைத்தபோது நினைத்தவருக்குக் கொடுக்கும் தர்மத்தால் வறுமை போகாது, தகவலும் திட்டமும் வேண்டும் என்பதுதான் அந்த வேலை அவருக்குத் தந்த பாடம். பின்னாளில் அவர் அமைப்பு நடத்திய விதத்தில் இது அப்படியே தெரியும்.

1913-ல் இன்னொரு திருப்பம். பால்கன் போரால் சிதைந்திருந்த மாசிடோனியாவுக்கு நிவாரணப் பணிக்காகப் போனார். வீடு இழந்து, குடும்பம் பிரிந்து, குளிரில் கிடந்த அகதிகளை நேரில் பார்த்தார். நிவாரணமாகக் கொடுக்கும் ரொட்டியும் கம்பளியும் சில நாட்களுக்குத்தான் வரும். அந்த மக்களுக்கு மறுவாழ்வு தரப்போவது யார் என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். அடுத்த வருடமே முதல் உலகப் போர் வெடித்தது.

போர் முடிந்தது, முற்றுகை ஏன் முடியவில்லை?

ஜெப்பின் தங்கை டோரத்தி பக்ஸ்டன். இந்தக் கதையில் ரொம்ப முக்கியமான ஆள் இவர்.

போர்க் காலத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் தங்கள் அரசின் பார்வையை மட்டுமே எழுதின. எதிரி நாட்டுப் பத்திரிகைகளை வரவழைப்பதற்கே தடை இருந்தது. டோரத்தி அதற்குச் சிறப்பு அனுமதி வாங்கினார். பல நாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்து, முக்கியப் பகுதிகளை மொழிபெயர்த்து, ஒரு கேம்பிரிட்ஜ் இதழில் தொடர்ந்து வெளியிட்டார். அந்த வேலையில் அக்கா ஜெப்பும் சேர்ந்துகொண்டார்.

அந்தப் பக்கங்கள் வழியாகத்தான் எதிரி நாடுகளில் சாதாரண மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது சகோதரிகளுக்குத் தெரிய வந்தது. அங்கே உணவு இல்லை, நிலக்கரி இல்லை. காசநோய் பரவுகிறது. குழந்தைகளுக்கு எலும்பு வளைகிறது.

காரணம் கடல்வழி முற்றுகை. எதிரி நாடுகளுக்குச் சரக்குக் கப்பல்கள் போகாதபடி பிரிட்டனும் கூட்டணி நாடுகளும் போர் தொடங்கியதிலிருந்தே வழியை அடைத்திருந்தன. 1918 நவம்பர் 11-ல் சண்டை நின்றது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. முற்றுகை மட்டும் நிற்கவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்துப் போடும் வரை பிடி தளரக்கூடாது என்பது வென்ற நாடுகளின் கணக்கு.

1919 மார்ச்சுக்குப் பிறகு ஜெர்மனிக்குக் கொஞ்சம் உணவு அனுப்ப அனுமதித்தார்கள். ஆனால் முற்றுகை முழுசாக விலகியது 1919 ஜூலையில்தான். அதாவது போர் நின்று எட்டு மாதம் கழித்து. இந்த இடைவெளியில் குழந்தைகள் சாவதற்கு எந்த ராணுவக் காரணமும் இல்லை என்பதுதான் சகோதரிகளின் வாதம்.

1919 தொடக்கத்தில் பஞ்ச எதிர்ப்புக் கவுன்சில் என்ற அமைப்பு உருவானது. முற்றுகையை நீக்கச் சொல்லி அரசை நெருக்குவதுதான் அதன் வேலை. கூட்டங்கள் நடந்தன, கோரிக்கைகள் போயின. அரசு அசையவில்லை. வெளியே இருந்த மனநிலையும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. நான்கு வருடப் போரில் மகனையோ கணவனையோ இழந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. ஜெர்மனியைக் கசக்கிப் பிழிய வேண்டும் என்ற கோபம் தேர்தல் மேடை வரை ஒலித்த நேரம் அது.

கோரிக்கை வைத்தும் பயனில்லை என்று ஆன பிறகுதான், ஜெப் துண்டுப் பிரசுரத்தோடு டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வந்தார்.

கோர்ட்டில் என்ன நடந்தது?

போர் நின்றிருந்தாலும் போர்க் காலச் சட்டம் உயிரோடுதான் இருந்தது. போர் பற்றியோ சமாதானம் பற்றியோ துண்டுப் பிரசுரம் போட்டால், முன்கூட்டியே தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். ஜெப் அனுப்பவில்லை. அவர் மீதான குற்றச்சாட்டு அதுதான்.

1919 மே மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. அவரோடு சேர்ந்து குற்றம் சாட்டப்பட்டவர், பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் இருந்த பார்பரா அயர்ட்டன் கோல்ட். அரசுத் தரப்பில் ஆஜரானவர் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின். பேர்பெற்ற வழக்கறிஞர்.

ஜெப் தன் வழக்கைத் தானே வாதாடினார். சட்டப்படி தப்பிக்க வழியில்லை என்று அவருக்குத் தெரியும். தணிக்கைக்கு அனுப்பாதது உண்மை. எனவே சட்ட நுணுக்கத்துக்குள் போகாமல், குழந்தைகள் பசியால் சாகிறார்கள் என்ற செய்தியை மக்களிடம் சொல்வது எப்படித் தவறாகும் என்பதையே வாதமாக வைத்தார். கோர்ட்டில் உட்கார்ந்திருந்த நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். சதுக்கத்தில் சில நூறு பேரிடம் போயிருக்கக்கூடிய விஷயம், நாடு முழுக்கப் பத்திரிகையில் வந்தது.

தீர்ப்பு: குற்றவாளி. அபராதம் 5 பவுண்டு. சிறைத் தண்டனைகூடக் கிடைத்திருக்கலாம் என்ற நிலையில் இது ரொம்பக் குறைவு.

விசாரணை முடிந்ததும் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எதிர்த்து வாதாடிய பாட்கினே ஜெப்பிடம் வந்து, தன் சொந்தப் பணத்திலிருந்து 5 பவுண்டைக் கொடுத்தார். ஜெப் அதை அபராதத்துக்குக் கட்டவில்லை. பசித்த குழந்தைகளுக்கான நிதியில் சேர்த்தார். பிறகு வந்த மாபெரும் அமைப்புக்கு முதல் நன்கொடை இதுதான் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

ஆல்பர்ட் ஹாலுக்கு வந்த அழுகிய பழங்கள்

வழக்கு முடிந்த சில நாட்களில், 1919 மே 19 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பொதுக்கூட்டம். ‘சேவ் தி சில்ட்ரன்’ நிதி அமைப்பு அங்கேதான் முறைப்படி தொடங்கப்பட்டது. அரங்கம் நிறைந்திருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஆதரவாளர்கள் இல்லை. எதிரிக்கு இரக்கப்படும் துரோகிகள் மீது எறிய அழுகிய பழங்களோடு சிலர் வந்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. மேடையில் ஜெப் தயக்கத்தோடுதான் பேச ஆரம்பித்தார். போகப் போகக் குரல் உயர்ந்தது. குழந்தைகள் பட்டினியால் சாவதைப் பார்த்துக்கொண்டு, காப்பாற்ற ஒரு முயற்சியும் செய்யாமல் இருப்பது மனிதர்களால் முடியாத காரியம் என்ற பொருளில் அவர் பேசினார். பழங்கள் பறக்கவில்லை. பணம் சேர்ந்தது.

இந்த இடத்தில் அவரது ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். முற்றுகை சரியா தவறா என்று கேட்டால் நாடு இரண்டாகப் பிரியும். குழந்தை பசியோடு இருக்கலாமா என்று கேட்டால் பிரியாது. எந்தக் குழந்தையும் போரைத் தொடங்கவில்லை. கேள்வியையே அவர் குழந்தையின் பக்கம் திருப்பிவிட்டார்.

போப் முதல் சினிமா வரை

ஜெப் தீவிரமான ஆங்கிலிகன் கிறிஸ்தவர். முதலில் தன் சொந்த சபையின் தலைமையான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பிடம் ஆதரவு கேட்டார். அங்கே தயக்கம்தான் பதிலாக வந்தது. உடனே ரோமில் இருந்த போப் பதினைந்தாம் பெனடிக்டை நாடினார். உலகம் முழுக்க உள்ள கத்தோலிக்கத் தேவாலயங்களில் 1919 டிசம்பர் 28 அன்று பசித்த குழந்தைகளுக்காகக் காணிக்கை திரட்டும்படி போப் அறிவித்தார். அதன் பிறகு ஆங்கிலிகன் தலைமையும் இறங்கி வந்தது.

1920 ஜனவரியில் ஜெனீவாவில் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவும் கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் செலவை ஒரு நன்கொடையாளர் ஏற்றுக்கொள்ளும் முறை அந்தக் காலத்திலேயே அறிமுகமானது. பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். தர்மப் பணத்தை விளம்பரத்துக்குச் செலவிடலாமா என்று அப்போதும் சண்டை வந்தது. செலவழித்ததைவிடப் பல மடங்கு திரும்பி வருகிறது என்பதுதான் அமைப்பின் பதில்.

1921-ல் பெரிய சோதனை. ரஷ்யாவின் வோல்கா பகுதியில் கொடும் பஞ்சம். நார்வேயைச் சேர்ந்த ஃப்ரிட்யோஃப் நான்சென், பன்னாட்டு சங்கத்தில் நாடு நாடாகக் கெஞ்சினார். ஐ.நா.வுக்கு முன்பு இருந்த உலக நாடுகளின் அமைப்பு இது. நிவாரணத்துக்குக் கடன் தர அரசுகள் மறுத்துவிட்டன. கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு உதவியது போல ஆகிவிடும் என்பது பல அரசுகளின் பயம்.

அரசுகள் கைவிரித்த நேரத்தில், 1921 செப்டம்பரில் சேவ் தி சில்ட்ரன் சுமார் 600 டன் உணவு, மருந்துப் பொருட்களோடு கப்பல் அனுப்பியது. சரடோவ் பகுதியில் சமையல் கூடங்கள் திறக்கப்பட்டன. லட்சக்கணக்கான குழந்தைகள் சாப்பிட்டார்கள்.

லண்டனில் எதிர்ப்பு அடங்கவில்லை. பஞ்சமே மிகைப்படுத்தப்பட்ட கதை என்று எழுதிய பத்திரிகைகள் இருந்தன. உள்ளூர்க் குழந்தைகளே கஷ்டப்படும்போது வெளிநாட்டுக்கு எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. ஜெப் தரப்பு வார்த்தையால் பதில் சொல்லவில்லை. ஒளிப்பதிவாளரை ரஷ்யாவுக்கு அனுப்பிப் படம் பிடித்து வந்து, ஊர் ஊராகத் திரையிட்டது. பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

அரசு வேலையை மக்களே செய்தால்?

இங்கே ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. தன்னார்வ அமைப்புகளில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது இன்றும் தெரிந்த கேள்விதான். அரசு செய்ய வேண்டியதை மக்கள் பணம் போட்டுச் செய்துகொண்டே இருந்தால், அரசு எப்போது செய்யும்?

சகோதரிகள் இருவருமே இந்த இடத்தில் கொஞ்சம் வேறு வேறு பாதையில் போனார்கள். டோரத்திக்கு அரசியல்தான் முக்கியம். கொள்கையை மாற்றாமல் கஞ்சி ஊற்றிப் பயனில்லை என்று நினைத்தவர். அவர் அரசியல் பிரசாரத்துக்குத் திரும்பினார். ஜெப் நிதி அமைப்பைத் தோளில் போட்டுக்கொண்டார். இன்று இரவு பசியோடு தூங்கும் குழந்தை, கொள்கை மாறும் வரை காத்திருக்காது என்பது அவர் தரப்பு.

ஆனால் டோரத்தியின் கேள்வி ஜெப்பை விடவில்லை. ஒரு பஞ்சம் முடிந்தால் அடுத்தது வருகிறது. நன்கொடை தருபவர்கள் சலித்துப்போகிறார்கள். தர்மம் என்பது கொடுப்பவர் மனநிலையைப் பொறுத்தது. இந்த வருடம் கிடைக்கும், அடுத்த வருடம் கிடைக்காமல் போகும். கிடைக்காவிட்டால் குழந்தை யாரிடமும் போய்க் கேட்க முடியாது. கேட்பதற்கு ஒரு அடிப்படை வேண்டும். அந்த அடிப்படைக்குப் பெயர்தான் உரிமை.

கேம்பிரிட்ஜில் தர்மக் கணக்கு எழுதியபோதும், மாசிடோனியாவில் அகதிகளைப் பார்த்தபோதும் அவர் மனதில் இருந்த கேள்விக்கு, இப்படி ஒரு பதில் உருவானது.

அந்த 5 அம்சங்கள் என்ன?

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சலேவ் என்றொரு மலை. ஜெப் அடிக்கடி ஏறும் இடம். குழந்தைகளுக்கான சாசனத்தின் முதல் வரைவை அங்கே உட்கார்ந்துதான் அவர் எழுதினார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் வரும் காட்சி.

நீளமான சட்ட மொழியை அவர் விரும்பவில்லை. யாருக்கும் புரிய வேண்டும், எந்த மொழியிலும் பெயர்க்க முடிய வேண்டும், ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். 1923-ல் அவரது கூட்டமைப்பு அதை ஏற்றது. சாரம் இதுதான்:

1. உடலாலும் மனதாலும் இயல்பாக வளரத் தேவையானது எல்லாம் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும்.

2. பசித்தால் உணவு, நோய் வந்தால் சிகிச்சை. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைக்குக் கைகொடுக்க வேண்டும். தவறு செய்த குழந்தையைத் திருத்தி மீட்க வேண்டும். பெற்றோர் இல்லாத, ஆதரவற்ற குழந்தைக்குத் தங்க இடமும் பராமரிப்பும் தர வேண்டும்.

3. ஆபத்துக் காலத்தில் நிவாரணம் முதலில் குழந்தைக்குத்தான்.

4. சொந்தக் காலில் நிற்கக் குழந்தையைத் தயார்படுத்த வேண்டும். எல்லா விதமான சுரண்டலிலிருந்தும் பாதுகாக்க வேண்டும்.

5. தன் திறமை சக மனிதர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற உணர்வோடு குழந்தையை வளர்க்க வேண்டும்.

இதெல்லாம் இனம், நாடு, மதம் பார்க்காமல் என்று முன்னுரை சேர்த்துச் சொன்னது. 1924 செப்டம்பர் 26 அன்று பன்னாட்டு சங்கம் இந்தப் பிரகடனத்தை ஏற்றது. வெற்றி பெற்ற நாடு, தோற்ற நாடு என்ற கோடு குழந்தைகள் விஷயத்தில் காகிதத்திலாவது அழிந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு எந்த வாதத்துக்காக ஜெப் குற்றவாளிக் கூண்டில் நின்றாரோ, அதையே இப்போது அரசுகள் கொள்கையாக ஏற்றன.

ஏற்றுக்கொண்டார்கள், அப்புறம்?

பிரகடனத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தலைப்பில் உரிமை என்று இருந்தாலும், உள்ளே இருந்தது பெரியவர்களின் கடமைகள். அந்தக் கடமையும் உலகின் எல்லா ஆண்கள், பெண்கள் மீது பொதுவாக வைக்கப்பட்டிருந்தது. எந்த அரசும் தனியாகப் பொறுப்பாக்கப்படவில்லை. மீறினால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. அரசுகளைச் சட்டப்படி அது கட்டுப்படுத்தாது.

எல்லா நாடும் சுலபமாகக் கை தூக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம். எதுவும் செலவாகாத வாக்குறுதி அது.

ஜெப் இதை முடிவாக நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. 1925-ல் ஜெனீவாவில் குழந்தைகள் நலனுக்கான உலக மாநாடு நடந்தது. பன்னாட்டு சங்கத்தின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் ஆலோசகராக இடம் பெற்றார். பல்கேரியாவில் அகதிக் குடும்பங்களுக்காகப் புதிய கிராமம் ஒன்றை அவர் அமைப்பு கட்டியது. மாசிடோனியாவில் பார்த்த குறைக்கு இது பதில். உணவுப் பொட்டலத்தோடு நிற்காமல் வீடு, நிலம், வேலை வரை போக வேண்டும் என்ற அவரது எண்ணத்தின் சிறிய மாதிரி.

இவ்வளவும் செய்தவரின் உடல்நிலை மோசமாக இருந்தது. நீண்ட காலமாகத் தைராய்டு பிரச்னை. அறுவை சிகிச்சைகள் செய்தும் தேறவில்லை. 1928 டிசம்பர் 17 அன்று ஜெனீவாவில் காலமானார். வயது 52. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஜெனீவாவிலேயே அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2024-ல் அந்த நகரம் அவரது எச்சங்களை முக்கியப் பிரமுகர்கள் உறங்கும் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றி மரியாதை செய்தது.

அறிவுரை எப்போது சட்டமானது?

ஜெப் இறந்து 31 வருடம் கழித்து, 1959 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்தப் பிரகடனத்தை 10 கொள்கைகளாக விரித்தது. அப்போதும் அது கட்டாயம் இல்லை.

சரியாக 30 வருடம் கழித்து, 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வந்தது. ஏற்கும் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் இது. ஜெப் விட்ட ஓட்டை இங்கேதான் அடைபட்டது. குடும்பத்தை இழந்த குழந்தைக்குச் சிறப்புப் பாதுகாப்பும் உதவியும் தருவது அரசின் பொறுப்பு என்று இதன் 20-வது பிரிவு சொல்கிறது. நாடுகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஐ.நா. குழுவுக்கு அறிக்கை தரவும் வேண்டும்.

பசித்த குழந்தைக்குக் கஞ்சி என்ற கோரிக்கை, அரசைக் கேள்வி கேட்கும் சட்டமாக மாற 70 வருடம் ஆனது.

இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

இந்தியா இந்த உடன்படிக்கையில் 1992 டிசம்பர் 11 அன்று இணைந்தது. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தன் முகவுரையிலேயே இதைக் குறிப்பிடுகிறது. ஆதரவற்ற குழந்தைகளைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் சொல்லும் முக்கியமான விஷயங்கள்:

• ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்க வேண்டும்.

• குழந்தைகள் இல்லம் நடத்துபவர்கள், அரசோ தனியாரோ, கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

• இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழிதான். குடும்பச் சூழலில் வளர்க்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சட்டம் இருந்தால் போதுமா? இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 2007-ல், தமிழ்நாட்டின் ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றித் தனிமனிதர் ஒருவர் எழுத்தில் எழுப்பிய புகார், உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. தமிழ்நாட்டின் பெயரோடு தொடங்கிய அந்த வழக்கு நாடு முழுக்க உள்ள இல்லங்களைப் பற்றியதாக விரிந்தது. தீர்ப்பு வந்தது 2017 மே 5. எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தனைக்கும் பதிவு கட்டாயம் என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருந்த விஷயம்தான். இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்ல ஒரு வழக்கும் பத்து வருடமும் தேவைப்பட்டன.

1919-ல் ஜெப்பின் கையில் சட்டம் எதுவும் இல்லை. பிரசுரமும் படமும் மட்டும் இருந்தன. அப்படிப் பார்த்தால் இன்றைய குடிமக்கள் அவரைவிடப் பலமான இடத்தில் நிற்கிறார்கள். தெருவில் தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எந்நேரமும் இயங்கும் சேவை, கட்டணம் இல்லை. பக்கத்தில் இருக்கும் இல்லம் பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்.

பிறந்தநாளில் இல்லத்துக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஜெப்பும் அங்கிருந்துதான் தொடங்கினார். மறுநாள் அந்தக் குழந்தைக்குச் சாப்பாடு போட வேண்டிய பொறுப்பு யாருடையது என்று கேட்பதை மட்டும் அவர் கடைசி வரை நிறுத்தவில்லை.